தாரிணி, அனுஷ நட்சத்திரம்

வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் சன்னதி வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நிற்கிற அக்கா தங்கைகளே, இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். நான் தாயிடம் கேட்டது ஒன்று, தாய் எனக்குக் கொடுத்தது வேறொன்று. அதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

போன சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் வளர்த்து வந்த பதினொரு குடுவை செல்களையும் என் கையாலேயே பிளீச் ஊற்றிக் கொன்றேன். மூன்று மாத உழைப்பு ஒரு மணி நேரத்தில் சாக்கடைக்குப் போனது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஏழே வாரம்தான் இருந்தது. கையில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைத்தால் ஐந்து வாரமாகும் என்றார் பேராசிரியர். மீதி இரண்டு வாரத்தில் என்னத்தைச் செய்ய முடியும்? கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என் பெயர் சுமதி. வயது முப்பத்தெட்டு. தீவின் மேற்கே பூன் லேயில் வீடு. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடம் டெக்னீஷியனாக இருந்தவள். சில வருடங்களுக்கு முன் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் டெங்கி வந்தது. எனக்கும் கீழ்வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். நான் ஐந்தாம் நாள் எழுந்து சமைத்தேன். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் செத்துப் பிழைத்து வந்தார். அதே கொசு, அதே வைரஸ். ஏன் எனக்கு ஒரு மாதிரி, அவருக்கு ஒரு மாதிரி? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. கடைசியில் தொற்று உயிரியலும் நோயெதிர்ப்பியலும் சேர்ந்த முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்தது. வேலையிடத்தில் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு வாங்கினேன்.

“போய்ப் படி லா. இல்லேனா கெழவியானாலும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பே,” என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த ஒரு வருடத்துக்குள் முடிக்கவேண்டும். முடிக்காவிட்டால் பட்டமும் இல்லை, இன்னொரு விடுப்பும் இல்லை. அவ்வளவுதான்.

இனி தாரிணி. இருபத்துநான்கு வயசு. தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே வந்து பொங்கோலில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே பேராசிரியர், வைரஸைப் போட்டு எதிர்ப்பு எவ்வளவு எழுகிறது என்று பார்க்க ஒரே வகைச் செல், பக்கத்துப் பக்கத்து இருக்கை. நல்ல பெண். அதுதான் என் பிரச்சினையே. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன். இவள் “சாப்டீங்களா கா?” என்று கேட்டுக்கொண்டே வந்து நிற்பாள்.

பேராசிரியர் தாரிணி என்ற பெயரை அழகாகச் சொல்வார். என்னை ‘சுமாட்டி’ என்பார். வகுப்பில் நான் மூன்று முறை படித்தும் புரியாத ஒன்றை அவள் ஒரே முறை கேட்டுவிட்டுத் தலையாட்டுவாள். நான் எம்ஆர்டி ரயிலில் பூன் லேயிலிருந்து நின்றபடியே குறிப்புகளைப் படித்துக்கொண்டு வருவேன். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வருவாள். என் சோதனைக் கோடுகள் மேலும் கீழும் கோணிக்கொண்டு நிற்கும். அவளுடையது ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி வரும். அவள் எழுத்து அழகு. அவள் முடி நீளம். முடிக்கும் நோயெதிர்ப்பியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வயிறு எரிய ஆரம்பித்தால் எல்லாவற்றுக்கும் எரியும்.

வெள்ளிக்கிழமை தேக்கா கடைத்தெருவில் இறங்கி, பூ வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போவேன். ‘தாயே, என்னைக் காப்பாற்று’ என்று தொடங்கும் பிரார்த்தனை, ‘அவள் ஒரு தடவையாவது மூக்குடைபடணும்’ என்று முடியும். வாரா வாரம் இதைத்தான் கேட்டேன். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே கேட்டேன்.

பங்குனியில் அது நடந்தது. செல் வளர்க்கும் இடங்களில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமிதான் பெரிய சனியன். குடுவை கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, வழக்கமாகப் போடும் மருந்தும் அதைத் தொடாது. ஆனால் உள்ளேயிருந்து எல்லா முடிவையும் பொய்யாக்கிவிடும். அதனால் மாதம் ஒருவர் முறைவைத்து எல்லாருடைய செல்லையும் சோதிக்கவேண்டும். பங்குனி என் முறை. சோதனைப் படத்தில் தாரிணியின் வரிசையில் மட்டும் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது.

கோடு தெரிந்தால் அந்த நிமிடமே சொல்லவேண்டும். செல்லைக் கொட்டவேண்டும். செல் வளரும் இன்குபேட்டர் பெட்டியைத் துடைக்கவேண்டும். பதினொரு வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நான்கு நாளில் அவள் தன் முடிவுகளை எல்லார் முன்னாலும் பேச இருந்தாள். ‘மங்கலாகத்தானே இருக்கிறது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏட்டில் பென்சிலால் ‘மறுபரிசோதனை’ என்று எழுதி, மூடி வைத்தேன்.

அவள் பேசிய அன்று எல்லாம் சொதப்பியது. வைரஸே போடாத செல்லின் எதிர்ப்பு அளவுகூட வைரஸ் தாக்கியது போல எகிறி நின்றது. பேராசிரியர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. அன்று சாயந்தரம் நான் கோவிலுக்குப் போய் அம்மனுக்கு நெய்விளக்குப் போட்டேன். ஆமாம், நன்றி சொன்னேன்.

எங்கள் இருவருக்கும் இன்குபேட்டர் ஒன்று. காலையில் அவள் வேலை செய்யும் மேடையில் மதியம் நான் வேலை செய்வேன். தொற்றைப் பற்றியே பட்டம் வாங்க வந்தவளுக்கு, தொற்று பக்கத்துத் தட்டுக்கும் வரும் என்று தோன்றவே இல்லை பாருங்கள்! பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்குப் படித்த படிப்பையே மறைத்துவிட்டது.

இரண்டு வாரத்தில் என் முடிவுகள் திடீரென்று எகிறின. எனக்கு வாயெல்லாம் பல். தேக்காவில் லட்டு வாங்கிப் போய், முதல் லட்டை தாரிணியிடம்தான் நீட்டினேன். “சூப்பர் கா!” என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன், வைரஸ் போடாத என் செல்லின் அளவும் அதே உயரத்தில் நின்றது. சித்திரைச் சோதனையை இன்னொரு மாணவி செய்தாள். தாரிணியின் செல்லும் கெட்டிருந்தது, என்னுடையதும் கெட்டிருந்தது. பங்குனிக் கடைசியில் நான் உறைய வைத்த இருப்பும் கெட்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பிளீச். அவளும் என் பக்கத்தில் நின்று தன்னுடையதைக் கொட்டினாள். எல்லாரும் எங்கள் கெட்ட நேரம் என்றே நினைத்தார்கள். அப்போது தாரிணி பேராசிரியரிடம், தை மாதம் செல் வந்த முதல் வாரத்திலேயே கொஞ்சம் எடுத்துத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருப்பதாகவும், அது சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்கக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள். அந்த வாரம் என் மகளுக்குக் காய்ச்சல், நான் விடுப்பு. எனக்கென்று அப்படி எதுவும் இல்லை. இப்போதும் அவளுக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு இல்லை! கழிவறையில் அழுதேன் என்றேனே, பாதி அழுகை அதற்குத்தான்.

அன்று சாயந்தரமே கோவிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். இருபது நிமிடம் இருக்கும். ‘தாயே, என் படிப்பைக் காப்பாற்று’ என்று சொல்ல வந்தவள் நான். ஆனால் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? ‘அவள் உறைய வைத்ததும் கெட்டிருக்கட்டும்.’ அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை நினைத்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அம்மைக்கும் காய்ச்சலுக்கும் தாய் என்று கையெடுக்கிற சன்னதியில் நின்று, நோய் பரவட்டும் என்று வேண்டுகிறேனே, நான் என்ன ஜென்மம்?

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார். “யார் பேருக்கும்மா?”

“தாரிணி,” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த இருபது நிமிடமும் வேறு எந்தப் பெயரும் என் மனசில் இல்லை, அதனால் அதுவே வந்தது.

“நட்சத்திரம்?”

விழித்தேன். பத்து மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் முடி நீளம் தெரியும், எத்தனை மார்க் என்று தெரியும். நட்சத்திரம் தெரியாது.

“தெரியலேனா கேட்டுட்டு வாங்கம்மா. அவசரமில்ல,” என்றார்.

வெளியே வந்து செருப்பு வைக்கும் இடத்தில் நின்று போன் போட்டேன்.

“தாரிணி, உன் நட்சத்திரம் என்ன?”

“என்னது கா? நட்சத்திரமா? அனுஷம். ஏன் கா?”

“கோவில்ல இருக்கேன். உன் பேர்ல அர்ச்சனை.”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “ஊர்ல அம்மா செய்வாங்க கா. இங்க வந்ததுலேர்ந்து என் பேரச் சொல்லி யாரும்...”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. “அழாதே, முதல்ல நான் சொல்றதக் கேளு,” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பங்குனிக் கோடு, பென்சில் எழுத்து, நெய்விளக்கு, லட்டு வரைக்கும். சாலையில் பஸ் போகிற சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னேன். செருப்புப் போட வந்த ஒரு அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நான் சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டாள்.

உள்ளே போனேன். “தாரிணி, அனுஷ நட்சத்திரம்,” என்றேன். குருக்கள் அந்தப் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தபோது, முதன்முறையாக அவளுக்காக வேண்டினேன். தாயே, இந்தப் பெண்ணின் இருப்பு சுத்தமாக இருக்கட்டும், இவள் படிப்பு என்னால் கெடவேண்டாம். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை. பொறாமை அப்போதும் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். அது ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் இந்த வேண்டுதலும் உண்மை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். வாங்கவேண்டியதை வாங்கினேன். என் தவறைப் பதிவேட்டில் எழுதினார். சோதனை முறைப்பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார். ஆய்வை நிறுத்தச் சொல்லவில்லை, அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் எதை வைத்து ஆய்வு செய்வது?

வெளியே வந்தால் தாரிணி நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. “வாங்க,” என்றாள். ‘அக்கா’ இல்லை. நைட்ரஜன் தொட்டி இருக்கும் அறைக்கு அழைத்துப் போனாள். கையுறை மாட்டி, புகை கிளம்பக் கிளம்ப ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினாள். நான்கு சின்னக் குப்பிகள். இரண்டில் அவள் பெயர். மற்ற இரண்டில், அதே அழகான எழுத்தில், தமிழில், ‘சுமதி அக்கா’.

“அந்த வாரம் நீங்க லீவு. உங்களுக்கும் சேத்து எடுத்து வச்சேன். வந்தன்னிக்கே சொன்னேன். நீங்க ‘ம்ம்’னுட்டு போயிட்டீங்க.”

அந்த ‘ம்ம்’ எனக்கு நினைவிருக்கிறது. அவள் வாயைத் திறந்தாலே பெருமை பேசுகிறாள் என்று காதைப் பொத்திக்கொண்ட காலம் அது.

“டெஸ்ட் பண்ணியாச்சு. நாலும் சுத்தமா இருக்கு. தெரியாம ஆசை காட்ட வேணாம்னுதான் நேத்து சொல்லல.”

“என் மேல கோவம் இல்லையா?”

“நெறைய இருக்கு. அதுக்காக இத என்ன பண்றது? உங்க பேரு போட்டு வச்சது உங்களுதுதான்.”

தொட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வாரா வாரம் அவள் கவிழவேண்டும் என்று விளக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம், என்னைக் காப்பாற்றப்போகிறது அவள் கையெழுத்தில் அந்தக் குளிருக்குள் காத்திருந்திருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே தாய் கொடுத்துவிட்டாள். யார் கையால் கொடுத்தாள் என்பதைப் பார்க்கத்தான் எனக்குக் கண் இல்லை.

ஏழு வாரமும் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை செய்தோம். முதல் இரண்டு வாரம் அவள் என்னோடு வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் “சாப்டீங்களா கா?” என்றாள். ஆனி மாதம் இருவரும் ஒப்படைத்தோம். அவளுக்கு மிக உயர்ந்த தேர்ச்சி, அங்கேயே முனைவர் பட்டத்துக்கு இடமும் கிடைத்தது. எனக்கு சாதாரணத் தேர்ச்சி. கீழ்வீட்டு அக்காதான் முதலில் கட்டிப்பிடித்தார்.

பொறாமை ஒரேயடியாகப் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. வேலையிடத்தில் புதிதாகப் பதவி உயர்வு வாங்கிய ஒருத்தியைப் பார்த்தும் வந்தது. ஆனால் இப்போது எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யாரைப் பார்த்து வயிறு எரிகிறதோ, அவரிடமே போய் நட்சத்திரம் கேட்பேன், அந்த வெள்ளிக்கிழமை அவர் பெயருக்கு அர்ச்சனை செய்வேன். கேட்கப்போய் நின்றாலே பாதி எரிச்சல் அடங்கிவிடும். “இந்த வாரம் யார் மேல லா?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

போன வெள்ளிக்கிழமை நான் வேலையில் இருந்தபோது தாரிணி போன் செய்தாள். பின்னால் கோவில் மணி கேட்டது.

“அக்கா, உங்க நட்சத்திரம் என்ன?”

“பூராடம். எதுக்குடி?”

“சாயந்தரமானா உங்களுக்குப் போக ஒரு வீடு இருக்கு, கதவத் தொறக்க ஒரு புள்ள இருக்கு. நான் ரூமுக்குப் போயி சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காருவேன். ரொம்ப நாளாவே உங்க மேல பொறாமை கா. சீட்டு வாங்கிட்டேன். வரிசை நகருது, வைக்கிறேன்.”

கையில் போனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் பொறாமைப்படக்கூட ஒன்று இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு என் பெயரை இன்னொருத்தி வாயால் தாய் கேட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா தங்கைகளே, உங்களுக்கும் யாரையாவது பார்த்து வயிறு எரிகிறதா? மறைக்காமல் அதையும் எடுத்துக்கொண்டு தாயிடம் வாருங்கள், அவளுக்குத் தெரியாததா. வருவதற்கு முன்னால் மட்டும் அவர்களைக் கூப்பிட்டு, உன் நட்சத்திரம் என்ன என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.