சொல்வதை எழுதப் போன நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதம். பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாள். நான் சிதம்பரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும் என்று வீட்டிலும் ஸ்டாஃப் ரூமிலும் கேலி செய்வார்கள். அந்த வருடம் எனக்கு வழக்கமான ஹால் டியூட்டி போடவில்லை. கடலூரில் ஒரு தேர்வு மையத்தில், கையால் எழுத முடியாத ஒரு மாணவன் சொல்லச் சொல்ல நான் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பிறவியிலேயே ஏதாவது குறை உள்ள பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காலை பஸ் பிடித்தேன்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர், "உள்ள போங்க, அட்ஜஸ்ட் பண்ணி நில்லுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு முன்னால் யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன் நின்றிருந்தான். மீசை அரும்பிய வயசு. வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. பிரேக் போடும்போதெல்லாம் அவன் அம்மாதான் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய பையனை இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

பாதி வழியில் கூட்டம் இறங்க, எனக்கும் அந்த அம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பையன் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்க டீச்சருங்களா?" என்று அவர் ஆரம்பித்தார்.

அவர்கள் கடலூர்ப் பக்கம் ஒரு மீனவ கிராமம். டிசம்பரில், டியூஷன் முடிந்து வரும் வழியில், இவனை மூன்று பையன்கள் மறித்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் பதினெட்டு ஆகவில்லை. அதில் ஒருவன் இவனுடைய வகுப்பிலேயே படித்தவன், அதே தெரு, முறைக்கு மச்சான். காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும். அவன் போட்ட ஏதோ வீடியோவுக்குக் கீழே இவன் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டானாம். அதற்கு வெட்டுக்கத்தி. தலைக்கு வந்ததை வலது கையால் தடுத்திருக்கிறான். உயிர் தப்பியது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து கையை ஒட்ட வைத்தார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை.

"ஊருல வந்து பேசி முடிச்சிக்கலாம்னாங்க டீச்சர். அவனும் சின்னப் புள்ள, வாழ வேண்டிய வயசு, கேசு கீசுன்னு போவாத, நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்னாங்க. என் புள்ள மட்டும் இன்னா, வாழ்ந்து முடிச்சவனா?"

அவர் கேஸை வாபஸ் வாங்கவில்லை. அதற்குத் தண்டனையாக, அந்தப் பையனின் கூட்டாளிகள் தினமும் சாயங்காலம் இவர்கள் வீட்டு முன்னால் பைக்கை முறுக்கி விசில் அடித்துவிட்டுப் போனார்கள். யாரும் கேட்கவில்லை. கடைசியில் சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வருஷக்கணக்காக மீன் விற்ற இடத்தை விட்டுவிட்டு, இங்கே புதிதாகக் கூடை தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைகிறார். தேர்வுக்கு மட்டும் பழைய பள்ளியிலேயே பெயர் பதிவாகிவிட்டதால் கடலூருக்கு வந்தாக வேண்டும்.

"யாரோ ஒரு டீச்சர் வந்து எழுதித் தருவாங்களாம். எப்டிப்பட்டவங்களோ" என்றார்.

"நான்தாம்மா" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முன் சீட்டிலிருந்து பையன் திரும்பிப் பார்த்தான். மெதுவாகச் சொல்லவா, வேகமாகச் சொல்லவா என்றுதான் அவன் முதலில் கேட்டான். உன் இஷ்டம், ஆனால் நீ தப்பாகச் சொன்னாலும் நான் அப்படியேதான் எழுதணும், அதுதான் ரூல் என்றேன். "தப்பால்லாம் சொல்ல மாட்டேன் மிஸ்" என்று சிரித்தான். படிக்கிற பிள்ளை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

மையத்தில் எங்களுக்குக் கொடுத்தது கெமிஸ்ட்ரி லேப். வாய்விட்டுச் சொல்லி எழுதுகிறவர்களுக்குத் தனி அறைதான் தர வேண்டும், மற்றவர்களுக்கு இடைஞ்சல் ஆகிவிடும். உள்ளே போனபோது லேபின் அந்தக் கோடியில் இன்னொரு பெஞ்சும் போட்டிருந்தது. வேறு யாராவது உடம்பு முடியாத பிள்ளை வருகிறது போல என்று நினைத்தேன்.

வந்தவனுடன் சாதாரணச் சட்டை போட்ட இரண்டு ஆண்கள் வந்தார்கள். அவர்களுடைய முடிவெட்டிலேயே போலீஸ் என்று தெரிந்துவிட்டது. பையன் ஒல்லியாக, தலையைக் குனிந்தபடி வந்தான். என் பக்கத்தில் இருந்தவன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். இடது கை தானாகவே போய் வலது கையை மூடிக்கொண்டது.

கத்தி எடுத்தவன் அவன்தான். சிறுவர்களை அடைத்து வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து பரீட்சைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

போகிற போக்கில் அவன், "மச்சான்" என்றான், அவ்வளவு மெதுவாக. மன்னிப்புக் கேட்டானா, மிரட்டினானா, பழக்கத்தில் வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அதை யோசிக்கிற பொறுமையும் அன்றைக்கு எனக்கு இல்லை.

கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வியை நான் படித்துக் காட்டினேன். பதில் வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை. இன்னொரு முறை படித்தேன். குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனேன். "மிஸ், சத்தம் வர மாட்டேங்குது" என்று காற்று மட்டும் வந்தது. அந்தக் கோடியில் மற்றவன் தன் பாட்டுக்கு எழுத ஆரம்பித்துவிட்டான். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது. இவனுக்கு எழுதக் கை இல்லை, இருந்தது குரல் ஒன்றுதான். அதையும் பறித்தாயிற்று.

அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லி முதன்மைக் கண்காணிப்பாளரை வராந்தாவுக்கு வரவழைத்தேன். வேறு பள்ளியின் தலைமையாசிரியர். கெட்டவர் இல்லை, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரெண்டு பேருமே ஸ்பெஷல் கேஸ் டீச்சர். தனி ரூம் இது ஒண்ணுதான் இருந்துது. ஒண்ணாப் போட்டா ஆளும் மிச்சம்."

யார் யாரை என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் பாதி அடங்கியிருப்பேன். "கேள்விப்பட்டேன். பேசி முடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்களே" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. யார் பேசினார்கள், யார் முடித்தார்கள்? மடங்காத விரல் முடிந்துவிட்டதா? ஊரைவிட்டு ஓடி வந்தது முடிந்துவிட்டதா? நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஹாலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, பரீட்சை நடக்குதுங்க என்று சைகை காட்டினார். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் பரீட்சை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் அவனுக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறது, தரட்டும். பதினேழு வயதில் ஒருவனைக் கைகழுவிவிட நாம் யார்? ஆனால் அவனுக்குத் தருகிற வாய்ப்பை இவனிடமிருந்து பிடுங்கித்தான் தர வேண்டுமா?

அவர் வாட்சைப் பார்த்தார். "சரி டீச்சர், உங்க பையனை விளையாட்டுச் சாமான் ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஃபேன் இல்ல, உடைஞ்ச பெஞ்செல்லாம் கெடக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அவர் சொன்னதில் வன்மம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார், இவனை நகர்த்துவது சுலபம், அவ்வளவுதான். அவனுக்குக் காவல் இருக்கிறது, மேலே ரிப்போர்ட் போயிருக்கிறது, மாற்றினால் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இவனை மாற்றினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். வெட்டியவன் வீடு அதே தெருவில் அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்டவன் ஊர் மாறினான், இப்போது அறையும் மாற வேண்டும்.

வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கும் அது சரியாகப் பட்டது. நேரம் ஓடுகிறதே, எங்கேயாவது உட்கார்ந்து எழுதினால் போதும் என்று. உள்ளே போய், "வாப்பா, வேற ரூமுக்குப் போயிடலாம்" என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தலையைத் தூக்கி, அத்தனை நேரம் வராத குரலில் சொன்னான்.

"நான் இங்கதான் மிஸ் எழுதுவேன். வூட்ட வுட்டுப் போவச் சொன்னாங்க, போனோம். ஊர வுட்டுப் போனோம். இன்னும் எவ்ளோ தூரம் போவணும்? அவன போவச் சொல்லுங்க."

லேப் முழுக்கக் கேட்டது. அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது.

என் பின்னாலேயே உள்ளே வந்திருந்த தலைமையாசிரியரிடம் திரும்பினேன். ஒன்று அந்தப் பையன் விளையாட்டு அறைக்குப் போகட்டும், இல்லையென்றால் இங்கே நடந்ததை அப்படியே எழுதி என் கையெழுத்தோடு மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பையனே விடைத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். காவலுக்கு வந்த இருவரும் அவனோடு போனார்கள். எங்களைக் கடக்கும்போது இந்த முறை அவன் எதுவும் சொல்லவில்லை. இவனும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

வீணாய்ப்போன நேரத்தையும் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு அவன் சொன்னான் பாருங்கள்! செய்யுளை அடி பிசகாமல், எங்கே கமா, எங்கே முற்றுப்புள்ளி என்பது வரை. என் கை வலித்ததே தவிர அவன் ஓயவில்லை. வெளியே கேட்டருகே வெயிலில் நின்றிருந்த அவன் அம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்கும் போல அவ்வளவு கணீரென்ற குரல்.

இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். இடது கையால் எழுதப் பழகிவிட்டான். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அம்மாவும் பிள்ளையும் அதே கடலூர் பஸ்ஸில்தான் நின்றுகொண்டு போகிறார்கள். தெருவில் பார்த்தால் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் பேசாமல் போக மாட்டார். ஊருக்குத் திரும்பிப் போவீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "எங்க ஊரு டீச்சர், போவாம இன்னா" என்றார்.

பள்ளியில், பஸ்ஸில், சொந்தக்காரர் வீட்டில் எங்கே யார் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொன்னாலும், அதை யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றுதான் இன்றைக்கும் நான் முதலில் பார்க்கிறேன்.