இறைப்பு உபயம்

தில்லைநாதன் நீர்வேலியை விட்டுக் கொழும்புக்குப் புறப்பட்டது 1990 யூன் எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. அங்கே ஒரு கடையில் வேலை கிடைத்திருந்தது. பஸ் யன்னலால் தலையை நீட்டி மனைவி பத்மாசினியிடம், "வாழையைப் பாத்துக்கொள், இரண்டு மாதத்தாலை வந்திடுவன்" என்றார். மூன்று நாளில் சண்டை மூண்டது. பாதை மூடிப்போயிற்று.

பத்மாசினி என் தாயின் தங்கை, எனக்குச் சின்னம்மா. இரண்டு பெண் பிள்ளைகள், இருநூற்றுப் பத்து வாழை. அவருக்கு இருந்தது அவ்வளவுதான். வாழை பட்டுப்போனால் காணியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. வாங்குவதற்குப் பக்கத்துக் காணிக்காரர் ஆழ்வாப்பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஆயத்தமாக நின்றார்.

அது ஏழு வீட்டுக்குப் பொதுவான பங்குக் கிணறு. தண்ணீர் இறைக்கும் மிசினும் பொது. கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். மிசினைச் சூடாக்கி எடுக்கவே ஒரு வீட்டு எண்ணெயில் பாதி போய்விடும். ஏழு வீடும் ஞாயிறுதோறும் கிழமைக்கு ஒரு போத்தில் கொண்டுவந்து ஒரே கலனில் ஊற்றினால் ஏழு தோட்டமும் நனையும். கணக்கு எல்லோருக்கும் விளங்கியது. "பங்கு எண்ணெய்" என்று பெயர் வைத்துத் தொடங்கினார்கள்.

மூன்றாம் கிழமையே மிசின் இருமிக்கொண்டு நின்றது. கலனைக் கவிழ்த்தால் அடியில் தண்ணீர்; யாரோ அரைப்போத்தில் எண்ணெயைத் தண்ணீரால் நிரப்பியிருந்தார்கள்.

"ஆர் ஊத்தினது?" என்று கேட்டார் பத்மாசினி.

"என்னை ஏன் பாக்கிறாய், பிள்ளை?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "மற்றவன் அரைப்போத்தில் தரேக்கை நான் முழுப்போத்தில் தர எனக்கென்ன விசரோ?"

"ஆர் அரைப்போத்தில் தந்தது, அண்ணை?"

"ஆரெண்டு தெரியாது. ஆனால் தருவாங்கள்."

பங்கு என்ற சொல் அந்தக் கிணற்றடியில் நல்ல சொல்லல்ல. இவர்களுடைய தகப்பன்மார் இதே கிணற்றின் பங்குக்காக ஒன்பது வருடம் கோடேறி வழக்காடியவர்கள். பங்கு என்று காதில் விழுந்ததும், அடுத்தவன் சுருட்டப்போகிறான் என்று ஏழு வீடும் நம்பிவிட்டது. அதற்கு முந்திக்கொள்ள ஏழு வீடும் சுருட்டியது.

வாழை இலை மஞ்சளாகத் தொடங்கிய அதே கிழமை பிள்ளையார் கோயில் திருவிழா. ஐந்தாம் நாள் உபயம் ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்காரருடையது. அன்றைய பூசையும் படையலும் அவர்கள் பொறுப்பு. கிணற்றுக்கு அரைப்போத்தில் தந்த மனிதர் முழு மூட்டை அரிசியைத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போனார். நாலாம் நாள்காரர் தந்ததைவிட ஒரு கொத்து கூட. பூசை முடிந்து ஐயர் வெற்றிலையும் பழமும் வைத்த காளாஞ்சித் தட்டை முதலில் அவரிடம் நீட்டியபோது அவருடைய நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது. சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு கிணற்றடி மாமரத்தில் சின்னம்மா எழுதிய மட்டை ஒன்று தொங்கியது: "இறைப்பு உபயம். இந்தக் கிழமை: ஆழ்வாப்பிள்ளை வீட்டார்." போத்தில் அதே, கலன் அதே, ஏழு வீடும் தரவேண்டிய அளவும் அதே. உபயகாரர் முதலில் ஊற்றி மிசினைத் தொடக்குவார். தண்ணீர் பாய்ந்ததும் அவருக்குக் காளாஞ்சி.

"உதென்ன, கிணத்துக்குக் கொடியேத்தமோ?" என்று பாலேஸ்வரி மாமி சிரித்தார். அவருடைய தோட்டம் வாய்க்காலின் கடைசி.

"ஓம் அக்கா. உங்கடை உபயம் மூண்டாம் கிழமை. அரைப்போத்திலோடை வருவியளோ?"

"உபயத்துக்கு ஆரும் அரைப்போத்தில் கொண்டு வருவினமோ? ஊர் காறித் துப்பாதோ!"

அந்தக் கேள்வியை ஏழு வீடும் தங்களுக்குள்ளே கேட்டிருக்க வேண்டும். அன்று கலன் கழுத்துவரை நிரம்பியது. மிசின் ஒருமுறைகூட இருமவில்லை. தண்ணீர் பாலேஸ்வரி மாமியின் கடைசிப் பாத்திவரை போனது. அடுத்து வந்த பங்குனி வெய்யிலிலும் ஒரு வாழைகூடச் சாயவில்லை.

நான் வெளிநாட்டில் அலைந்த காலத்தில், கைச்செலவுக்காக ஒரு பல்கலைக்கழகப் பரிசோதனையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு அறை, ஒரே விளையாட்டு, ஒரே விதி. எங்கள் அறையில் அதற்கு வியாபாரம் என்று பெயர்; அடுத்த அறையில் அயல் என்று. தொடங்குமுன், மற்றவர்கள் பொதுவுக்கு எவ்வளவு போடுவார்கள் என்று கேட்டார்கள். நாங்கள் குறைத்துச் சொன்னோம், குறைத்தே போட்டோம். அயல் அறை கூட்டிச் சொன்னது, கூட்டிப் போட்டது. 1994இல் ஊர் திரும்பி இதைச் சொன்னபோது சின்னம்மா கேட்டார்: "அவைக்குக் காளாஞ்சி குடுத்தவையோ?"

"இல்லை."

"பிறகென்ன பரிசோதனை?"

அந்த ஆவணியில்தான் சித்தப்பா தில்லைநாதனின் பழைய கடிதம் ஒன்று வந்தது. சித்தப்பா பிறகு எழுதியவையெல்லாம் முன்னமே வந்து சேர்ந்துவிட, 1991 தையில் எழுதிய இது மட்டும் யார் யாருடைய பெட்டியிலோ கிடந்து மூன்றரை வருடம் கழித்துக் கை மாறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஏழு வீடும் கிணற்றடியில் நின்றன. பின்னால் குலை தள்ளிய வாழைகள் முட்டுக்கால்களில் சாய்ந்து நின்றன. சின்னம்மா கடிதத்தை உரத்து வாசித்தார்:

"எண்ணெய் இல்லையெண்டு அறிஞ்சன். எங்கடை சனம் சேர்ந்து இறைக்காது, எனக்குத் தெரியும். வாழை சாக முந்திக் காணியை ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கு வித்துப்போடு. அவர் சொல்லுற விலைக்குக் குடு."

எல்லோரும் ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அந்தக் கிழமை உபயம் அவருடையது.

"என்ன அண்ணை, வாங்கிறியளோ?" என்றார் சின்னம்மா.

அவர் கையிலிருந்த போத்திலைக் கடைசிச் சொட்டுவரை கலனில் கவிழ்த்தார்.

"காணி கிடக்கட்டும். காளாஞ்சியைக் கொண்டா, பிள்ளை."