முட்டிபோட்டு அளந்த ஓவிய அறை

எண்பதுகளின் கடைசியில், மேனாம்பேட்டில் நான் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்த தொடக்கப் பள்ளியில் ஓவியத்துக்கென்று தனி அறை கிடையாது. இருந்தது ஒரே கூடம். காலையில் அங்கே ஜெபம், மத்தியானம் சத்துணவு. நடுவில் முக்கால் மணி நேரம் எனக்கு. பிள்ளைகள் சாயத்தைக் கொட்டி வைப்பார்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்போது நான் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் தலைமையாசிரியை பொறுமை இழந்தார்.

"இந்த மாசம் வரைக்கும் பார்ப்பேன். மணி அடிச்சதும் கூடம் காலியா இல்லேன்னா, அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துடுவேன்" என்றார். கணக்கென்றாலே எனக்கு ஆகாது.

ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அப்பா தொழிற்பேட்டையில் ஃபிட்டர். அவரிடம் புலம்பினேன். "இதுக்கா டீச்சர் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறீங்க? செவுத்துல மடக்குப் பலகை அடிச்சிடலாம். வேணும்னா எறக்குங்க, வேணாம்னா தூக்கி மாட்டுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமையே பழைய பேக்கிங் பெட்டிப் பலகைகளோடு வந்து, கீல் வைத்து, கொக்கி மாட்டி முடித்தும்விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்பு வந்து நின்றது. பலகைக்கு மேலே ரிப்பன்கள்தான் தெரிந்தன. மனுஷர் பழக்க தோஷத்தில், தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களின் முழங்கை உயரத்துக்கு அடித்திருந்தார். பக்கத்திலேயே நின்று ஆணி எடுத்துக் கொடுத்த எனக்கும் உறைக்கவில்லை. யாரைத் திட்டுவது?

ஷிஃப்ட் முடிந்து வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "என் பொண்ணுக்கே எட்டலியே டீச்சர்!" மகளைச் சுவரோரம் நிற்க வைத்து, முட்டிபோட்டு, அவள் வயிற்று உயரத்தில் கோடு போட்டார். மூன்றாம் வகுப்புக்கு ஒரு கோடு, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கோடு. துளையிட்ட இரும்புப் பட்டைகளைச் சுவரில் பதித்தார். எந்த வகுப்பு வருகிறதோ அதன் கோட்டுக்குப் பலகையை ஏற்றி இறக்கி, அந்தத் துளையில் போல்ட்டைச் செருகினால் போதும்.

மாதக் கடைசியில் தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார். மணி அடித்தது. பிள்ளைகள் தூரிகைகளைப் பக்கெட்டில் போட்டு, பலகைகளைத் தூக்கி மாட்டி, பாயை விரித்துத் தட்டோடு உட்கார்ந்தே விட்டார்கள். சாம்பார் வாளிதான் இன்னும் வந்து சேரவில்லை.

தலைமையாசிரியை திரும்பி அலுவலகத்துக்கு நடந்தார். பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சுவரில் இருந்த கால அட்டவணையில் என் வகுப்பை அவர் தொடவில்லை. வெள்ளிக்கிழமை நீதிபோதனையை அடித்துவிட்டு, அங்கேயும் 'ஓவியம்' என்று எழுதினார். நீதிபோதனை அவரே எடுக்கும் வகுப்பு.