எறும்புத் தடத்தை அழியவிடாதவன்

கோமதியின் வலையமைப்பு தானாகத் தோற்கவில்லை. நான் தோற்கடித்தேன்.

இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரே நிறுவனத்தில் வேலை. கல்வராயன் மலையில் போன் சிக்னல் எட்டாத ஊர்களிலிருந்து அவசரச் செய்தி அனுப்ப ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. மலைமேல் ஒரே பெரிய கோபுரம் போதும் என்றேன் நான்.

அவளோ எறும்புகளைக் கவனித்தாள். எறும்பு போகும் வழியெல்லாம் வாசனையை விட்டுச் செல்கிறது. நல்ல வழியில் கூட்டம் சேரச்சேர வாசனை அடர்கிறது; யாரும் போகாத வழியில் அது மறைந்துவிடுகிறது. ஊருக்கொரு சூரியசக்திப் பெட்டி வைத்து, செய்திகளையும் அப்படியே வழி தேடவிட்டாள். ஒரு பெட்டி பழுதானால் அதன் தடம் மங்கும். செய்தி வேறு பெட்டி வழியாகப் போய்ச் சேரும்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? எல்லோரும் பாராட்டியபோது நானும் கைதட்டினேன். உள்ளே வெந்துகொண்டிருந்தேன். அவள் வேலையில் குறை தேடினேன்... கிடைக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, அவள் எழுதிய நிரலில் தடம் மறையும் வேகத்தைப் பூஜ்யமாக்கினேன். ஓர் எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான். உங்களுக்கு அது அற்பமாகத் தெரிகிறதா?

சோதிப்பதற்காக ஒரு பெட்டியை அணைத்தார்கள். பழைய தடம் மங்கவேயில்லை. செய்திகள் அணைந்த பெட்டியையே தேடிப்போய்த் தொலைந்தன.

"நேத்து வரைக்கும் நல்லாதானே போய்க்கினு இருந்துச்சு... இன்னாடா ஆச்சு?" என்றாள் கோமதி.

"எனக்குத் தெரியலயே" என்றேன். அவள் தேடத் தொடங்குமுன் எண்ணைப் பழையபடி மாற்றிவிட்டேன்.

அவள் பெட்டிகளை அகற்றினார்கள்; என் கோபுரம் எழுந்தது. அவள் வேலையை விட்டு, சங்கராபுரத்தில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை ஆனாள். அப்போதாவது என் பொறாமை அடங்கியதா? இல்லை. அவள் மாணவர்கள் அவளைப் புகழ்வதைக் கேட்டாலும் எரிந்தது.

போன மழைக்காலத்தில் இடி விழுந்து கோபுரம் செயலிழந்தது. மலை முழுவதும் ஊமையானது. ஓர் ஊரில் பிரசவ வலியில் துடித்த பெண்ணுக்காக வண்டி கேட்டுச் செவிலியர் அனுப்பிய செய்தி, கீழே வந்து சேரவேயில்லை. குழந்தை பிழைக்கவில்லை.

அதைக் கேள்விப்பட்டுக் கோமதி எனக்குப் போன் செய்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்... திட்டியிருக்கலாம்.

"மனச போட்டு கொழப்பிக்காதடா. நல்லவேளை, என்னுத வெக்கல. வெச்சிருந்தா இன்னும் எத்தினி உசுரு போயிருக்குமோ."

"ஆமா" என்றேன்.