சுருதி நின்ற இடம்

"அந்த இடத்த மட்டும் வெட்டிடலாம், மெர்வி. ஜனங்க கொழம்பிடுவாங்க" என்றார் அக்செலி. எங்கள் நகர இசைக்குழுவை நடத்த ஹெல்சிங்கியிலிருந்து வந்திருந்த இளைஞர் அவர்.

மெர்வி தன் பசூன் குழலின் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தாள். அதை எடுக்காமலே தலையை ஆட்டினாள். முடியாது என்று அர்த்தம்.

எங்கள் ஹொங்கலம்பி ஒரு காகித ஆலை ஊர். மெர்வி ஆலைக் குடியிருப்பில் பிறந்தவள். இசைக்குழுவில் இரண்டாம் பசூன். முதல் பசூன் யாரென்றே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, இரண்டாவதை யார் கண்டார்கள்? பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். தீயணைப்புப் படைக்கு ஓர் அணிவகுப்புப் பாட்டும், தேவாலயத்துக்குச் சில கீதங்களும் எழுதியிருக்கிறாள். எல்லாம் உருளைக்கிழங்கு வேகிற நேரத்தில் அடுப்படி மேசையில் எழுதியவை. கிழங்கு எத்தனையோ தடவை அடிப்பிடித்திருக்கிறது. அப்படி வெந்தும் கருகியும் வந்ததுதான் அவளுடைய முதல் சிம்பொனி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். மெர்வி ஒரு படி மேலே போய், தன் குஞ்சு நிஜமாகவே பொன் என்று நம்பினாள். அதை மறைக்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் அது பெரிய துணிச்சல்.

அந்த சிம்பொனியின் அடியில், தொடக்கத்திலிருந்தே, டபுள் பேஸ் என்கிற ஆளுயர வயலின்களும் பசூன்களும் மாற்றி மாற்றி ஒரே கீழ்ச் சுருதியைப் பிடித்திருக்கும். மேலே எது ஓடினாலும் அது நிற்காது. கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்தே போகும். மூன்றாம் பகுதியில் எல்லாம் உச்சத்துக்கு ஏறும்போது அது சட்டென்று நின்றுவிடும். கூடவே எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஒரு மிடறு காபி குடித்துக் கோப்பையைக் கீழே வைக்கிற நேரத்துக்குச் சத்தமே கிடையாது. பிறகு இரண்டாம் பசூன் மட்டும் தனியாகச் சுருதியைத் திரும்ப எடுக்கும்.

"ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு நெனப்பாங்க. இல்லன்னா முடிஞ்சுடுச்சுன்னு கைதட்டுவாங்க."

"தட்டமாட்டாங்க. எங்க ஊரு ஜனங்கள எனக்குத் தெரியும்."

"சரி, வியாழக்கிழமை ஒத்திகைக்கு ஊர்க்காரங்க வர்றாங்கல்ல? அவங்களே சொல்லட்டும். கொழம்பினாங்கன்னா வெட்டிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கொழம்பலன்னா?"

"ஒரு புள்ளியக்கூடத் தொடமாட்டேன்."

கை குலுக்கினார்கள். அந்த மௌனம் எதைப் பற்றியது என்று மெர்வி அவரிடம் சொல்லவில்லை. விளக்கம் சொல்லிக் கேட்கவைக்கிற இசை, சிரிப்புத் துணுக்குக்கு உரை எழுதுகிற மாதிரி என்பது அவள் கட்சி.

வீட்டில் கணவன் ரைமோவிடமும் சொல்லவில்லை. ரைமோ ஆயுள் முழுக்க ஆலை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஓய்வு பெற்றவன். சொல்லைக் காசு கொடுத்து வாங்குகிறவன் போலச் சிக்கனமாகப் பேசுவான். ஆலையில் ஓடுகிற காகிதம் அறுந்தால், ஆட்கள் விழுந்தடித்து ஓடி அதன் முனையைத் திரும்ப உருளையில் ஏற்றுவார்கள். ஏறியதும் ரைமோ வயர்லெஸ்ஸில் ஒரே சொல் சொல்வான்: "ஏறிடுச்சு." எல்லோரும் விட்ட காபிக்குத் திரும்புவார்கள். வீட்டிலும் அதே சொல்தான். பனியில் சிக்கிய கார் மேட்டைத் தாண்டினால் "ஏறிடுச்சு". மகள் பிறந்தபோது தன் அம்மாவுக்குப் போன் போட்டு இவன் சொன்னதும் அதுதான் என்று மெர்வி இன்றும் குத்திக்காட்டுவாள்.

வியாழக்கிழமை காலை அரங்கில் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். கட்டணம் இல்லை, முடிந்ததும் காபியும் ஏலக்காய் பன்னும் உண்டு. முதல் இரண்டு பகுதிகள் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவதின் உச்சியில் சுருதி நின்றது.

ரைமோ எழுந்தான். எழுந்ததோடு விடவில்லை, கதவைப் பார்த்து ஓடவும் தொடங்கிவிட்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருவர், அந்தப் பக்கத்தில் மூன்று பேர். இருக்கைகள் படபடவென்று மடிந்தன. மெர்வி பசூனை எடுத்து ஊத, சுருதி திரும்பியது. நின்றவர்கள் காதுமடல் சிவக்க உட்கார்ந்தார்கள். ரைமோ மட்டும் உட்காரவில்லை. கதவைத் திறந்துகொண்டு போயே போய்விட்டான்.

காபி நேரத்தில் அக்செலி ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"பரவாயில்ல."

"பரவாயில்லீங்க. பன்னும் நல்லாருக்கு."

எங்கள் நாட்டில் 'பரவாயில்லை' என்பது பொன்னாடை போர்த்துவதற்குச் சமம். அக்செலிக்கும் அது தெரியும். ஆனால் மௌனத்தைப் பற்றிக் கேட்டதும் எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். எழுந்தவர்களுக்கு வெட்கம், எழாதவர்களுக்கு எழுந்தவர்களை நினைத்து வெட்கம்.

"பாத்தீங்களா மெர்வி? எழுந்து ஓடறாங்க. அந்த நீலத் தொப்பிக்காரரு தாங்க முடியாம வெளியவே போயிட்டாரு."

"அவரு என் புருஷன்."

அக்செலிக்குக் காபி புரையேறியது.

மெர்விக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் அவள் சொன்னால் செல்லாது, கேட்டவர்கள் சொல்லவேண்டும் என்பதுதானே பேச்சு. அவள் வெளியே போனாள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ரைமோ இருந்தான்.

"உள்ள வா."

"நான் வரல. உன் சிம்பொனியக் கெடுத்துட்டேன். ஊரு முன்னாடி பைத்தியக்காரன் மாதிரி ஓடினேன்."

"எதுக்கு ஓடின?"

ரைமோ சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தா பாரு ரைமோ, நீ வாயத் தொறக்கலன்னா அந்த ஆளு அந்த இடத்த வெட்டிடுவாரு. அதுல இருக்கறதே நீதான்."

"நானா?"

"பின்ன யாரு? ஆலைச் சத்தம் நின்னா தூக்கத்துலகூட எழுந்து உக்காருவியே. பக்கத்துல நானும் எழுந்து உக்காருவேனே. அத நான் வேற எப்படி எழுதறது?"

ரைமோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தான். நேரே அக்செலியின் முன் போய் நின்றான்.

"காகிதம் அறுந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"எந்தக் காகிதம்?"

"நானும்தான்" என்றார் ஓரத்து மேசையில் ஒருவர். "நானும்" என்றார் இன்னொருவர். காபி ஊற்றிக்கொண்டிருந்த பிர்க்கோ, அவளும் ஆலையில் வேலை பார்த்தவள், சிரித்துவிட்டாள். "கதவு வழியா கேட்டுக்கிட்டிருந்த நானே பாத்திரத்த அப்படியே வெச்சுட்டேன். இவன் ஓடாம என்ன பண்ணுவான்?"

மெர்வி ஜன்னலைத் திறந்தாள். ஏரிக்கு அக்கரையிலிருந்து ஆலையின் முனகல் வந்தது. அக்செலி காதைச் சாய்த்துக் கேட்டார், மெல்ல அந்த ஸ்வரத்தை முனகிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. டபுள் பேஸ்கள் பிடித்த அதே சுருதி.

"இது எப்பவும் இருக்கா?"

"நான் பொறந்ததுலேர்ந்து இருக்கு" என்றாள் பிர்க்கோ. "நின்னாத்தான் எங்களுக்குக் கேக்கும்."

அக்செலி ஜன்னலைச் சாத்தினார். "ஒரு புள்ளியக்கூடத் தொடமாட்டேன்" என்றார்.

மெர்வி ஜெயித்துவிட்டாள்தான். ஆனால் சனிக்கிழமைக் கச்சேரிக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கள் ஊரில் பேச்சு நடந்து போகும், வதந்தி சைக்கிளில் போகும். எல்லோருக்கும் தெரிந்த பிறகு அந்த மௌனம் யாரைப் பிடித்து உலுக்கும்? முதல் தடவையாக மெர்விக்குச் சந்தேகம் வந்தது. ரைமோ வேறு கதவோரத்து இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தான். "எதுக்கும் இருக்கட்டும்" என்றான்.

அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாம் பகுதி ஏறியது, சுருதி நின்றது.

மேடையிலிருந்து மெர்வி பார்த்தாள். விஷயத்தைக் கேள்விப்படாத சிலர் பாதி எழுந்தார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தவர்களின் இன்னொரு கை இருக்கையை இறுகப் பற்றியிருந்தது. தெரிந்திருந்தும் மௌனம் அவர்களை விடவில்லை. மெர்விக்கு அது போதும். மூச்சை இழுத்து ஊதினாள். சுருதி பிடித்தது. அரங்கமே மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

அப்போது, தும்மலைக்கூட அடக்குகிற அந்த அரங்கத்தில், கதவோரத்திலிருந்து ஒரு குரல் தெளிவாகச் சொன்னது: "ஏறிடுச்சு."

திங்கட்கிழமை பத்திரிகையில் விமர்சனம் வந்தது. சிம்பொனி பரவாயில்லையாம். மூன்றாம் பகுதியில் மட்டும் இரண்டாம் பசூன் ஓரிடத்தில் நடுங்கிவிட்டதாம். மெர்வி அதை ரைமோவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, கிழங்கைப் பார்க்க எழுந்தாள்.

"சீவாளிய வாயில வெச்சுக்கிட்டு, அழுதுகிட்டே சிரிச்சுப் பாக்கச் சொல்லு, இத எழுதின ஆள" என்றாள்.