நில்டா திருத்திச் சொன்ன வாக்கு

கோச்சபாம்பா பள்ளத்தாக்கில் டாக்டர்கள் பேசுவதை எங்களுக்கு மனுசப் பேச்சாக மாற்றிச் சொல்கிற வேலை நில்டா மமானிக்கு. அதற்கு முன் சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம்தான். என் மனைவி தோரா உயிரோடு இருப்பது அந்த வாயால் என்பதால் நான் குறை சொல்ல மாட்டேன்.

மண்சுவரில் ஒளிந்திருக்கும் வின்சூக்கா பூச்சி கடித்துக் கடித்து எங்களில் பலருக்கு இதயம் கெட்டுப்போயிருந்தது. புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க நகரத்து டாக்டர்கள் வந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்றதும் கூட்டம் முணுமுணுத்தது.

"நம்ம எம்பனாடா அப்பம்னு வச்சுக்குங்க," என்றாள் நில்டா. "ஒண்ணுக்குள்ள கறி, ஒண்ணுக்குள்ள காத்து. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். எது எதுன்னு குடுக்குற டாக்டருக்கே தெரியாது. அப்பத்தான் கறியால தெம்பு வந்துச்சா, கறி தின்னோம்ங்கிற நெனப்பால வந்துச்சான்னு கண்டுபிடிக்கலாம்."

"டாக்டருக்கே தெரியாதா? அப்புறம் என்னத்துக்கு அவ்வளவு படிச்சாரு?" என்றேன். டாக்டரே சிரித்துவிட்டார்.

டாக்டர்கள் கேட்ட 'ஒப்புதல்' என்ற சொல்லில்தான் அவள் வழுக்கினாள். "கள்ளு பகிர்ந்து குடுக்குற வாக்கு மாதிரி," என்று சொல்லிவிட்டாள். உடனே சோளக் கள் வந்தது. பூமித்தாய்க்கு முதலில் ஊற்றிவிட்டு ஒரே சுரைக்குடுவையில் எல்லோரும் குடித்தோம். அப்படிக் கொடுத்த வாக்கை மீறினால் மறுநாள் நமக்கு வணக்கம் சொல்ல ஊரில் ஆள் இருக்காது.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தோரா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே திரிந்தாள். ஒரு நாள் காலையில் அவள் கை கழுவும்போது பார்த்துவிட்டேன். தோல் கொப்புளித்து உரிந்துகொண்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"அந்த மாத்திரையத் தூக்கி எறிடி!"

"குடிச்சுக் குடுத்த வாக்குய்யா. நான் மீற மாட்டேன்."

என் கண்ணெதிரே இன்னொன்றை விழுங்கினாள். அவள் பிடிவாதத்தின் முன்னால் கழுதை தோற்கும். ஓடிப்போய் நில்டாவைக் கூட்டிவந்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் அவள் மாத்திரை டப்பாவை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"நிறுத்துடி. எப்ப வேணா நிறுத்தலாம்."

"குடிச்சப்ப அப்படிச் சொல்லலையேக்கா?"

"சொல்லல. என் தப்பு."

நில்டா கள்ளுக் குடுவையைக் கேட்டு வாங்கினாள். மண்ணில் கொஞ்சம் ஊற்றினாள்.

"இது நீ டாக்டருங்களுக்குக் குடுக்குற வாக்கு இல்லடி. அவங்க உனக்குக் குடுக்குற வாக்கு. நீ வேண்டாம்னா அதோட விட்டுடுவோம், கோவிச்சுக்க மாட்டோம், வைத்தியத்தையும் நிறுத்த மாட்டோம்னு. அவங்களுக்காக நான் குடிக்கிறேன்."

ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குடுவையை நீட்டினாள். தோரா உதட்டை நனைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள்.

தவறு செய்தவள் வெட்கப்பட்டு வீட்டோடு கிடந்திருக்கலாம். நில்டா மறுநாளே குடுவையோடு வீடு வீடாகக் கிளம்பினாள். ஒவ்வொரு வீட்டிலும் குடித்தாக வேண்டுமே. சாயங்காலம் அவளைச் செங்கல் வண்டியில் ஏற்றித்தான் வீடு சேர்த்தார்களாம். அவளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

தோராவுக்காக மட்டும் இல்லை. அதே மாத்திரை தின்றுவந்த கிழவர் பெர்னாபே வீட்டில் அவள் குடித்துவிட்டுக் குடுவையை நீட்டியபோது, அவர் அதை வாங்கவில்லை. சட்டையைக் கழற்றி, திரும்பி நின்று முதுகைக் காட்டினார். தோராவின் கையில் பார்த்த அதே கொப்புளங்கள்.