சலாமுக்குத் தூக்கிய கை

என் பிள்ளைகளே, மூத்தவளின் உதட்டுக்குக் கீழே, நாடியில் இருக்கும் தழும்புக்கு, நாய் குறுக்கே ஓடியதுதான் காரணம் என்று இத்தனை வருடமும் சொல்லி வந்தேன். அது பொய்.

அப்போது என்னிடம் வளைந்த ஹேண்டில் வைத்த ரேசிங் சைக்கிள் இருந்தது. நாலு வயது மகளை முன் பாரில் இருத்தி, மாவடிப்பள்ளி வீதியில் போவேன். வயல் காற்றுக்கு அவள் பாடிக்கொண்டே வருவாள். நானோ முழங்கையை மடிக்காமல், கைகளைக் கம்புபோல் விறைத்துப் பிடித்திருப்பேன். அதுதான் ஸ்டைல் என்று நினைப்பு. எதிரே யார் வந்தாலும் ஒரு கையைத் தூக்கித்தான் சலாம் சொல்வேன்.

அன்று மோட்டார் சைக்கிளில் வந்த மீன் வியாபாரிக்கும் கை தூக்கினேன். அந்த நேரம் என் சைக்கிளின் முன்சில்லு குழியில் இறங்கியது. விறைத்திருந்த மற்றக் கை அதிர்ந்து வழுக்கியது. இருவரும் விழுந்தோம். மகளின் நாடியிலிருந்து ரத்தம் ஒழுகியது.

முன்பின் தெரியாத அந்த மனிதர், மீன் பெட்டியை வீதியோரம் இறக்கி வைத்துவிட்டு எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். தையல் போட்ட பிறகு, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் என்னைக் ‘காக்கா’ என்று அழைத்துச் சொன்னார்.

“ஏன் காக்கா, வாயால சலாம் சொன்னா எனக்குக் கேக்காதா? ரெண்டு கையாலயும் புடிங்க. முழங்கைய லேசா மடிச்சு வெச்சா, குழியில இறங்கினாலும் கை தாங்கும்.”

“ஓம் தம்பி” என்றேன்.

வீட்டில் உங்கள் உம்மாவிடம், “நாயொண்டு பாஞ்சிட்டு” என்றேன்.

“எந்த நாய் வாப்பா?” என்று கேட்டாள் மகள். விழுந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு, ஆளில்லாத கடற்கரை வீதியில் தனியே சைக்கிள் ஓட்டினேன். முழங்கைகளை மடித்து, இரண்டு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்தபடி, ஒவ்வொரு தென்னை மரத்துக்கும் வாயால் சலாம் சொல்லிப் பழகினேன்.